முதலில் படிப்பதா? முதலில் பார்ப்பதா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



நமது ஆண்டு மலரில் வழக்கமாக வருகிற கட்டுரைகள் உங்களுக்குத் தெரியும். 'மாணவர் சக்தி', 'நேரம் பொன் போன்றது', 'சுற்றுச்சூழல் காப்போம்'. எல்லாமே நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு விடுதி வராண்டாவில் நாலு பேர் உட்கார்ந்தால், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக எதற்குக் குரல் உயருகிறது? ஒரு கதையின் மங்காவை முதலில் படிப்பதா, அனிமேயை முதலில் பார்ப்பதா என்கிற சண்டைக்குத்தான்!

"படக்கதைக்கு ஒரு கட்டுரையா தம்பி?" என்று மலர்க் குழுவில் ஒரு சீனியர் அண்ணன் சிரித்தார். சிரிக்கட்டும். இந்தச் சண்டைக்குள்ளே நம்மைப் போன்றவர்களைத் தொடுகிற ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. படித்தவன் உசத்தி, பார்த்தவன் மட்டமா? எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, பத்தாம் வகுப்பு தாண்டி, ஒரு கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே எனக்கு இந்தக் கேள்வி விளையாட்டு இல்லை.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்து விடுகிறேன். பார்ப்பதில் தொடங்குங்கள், தப்பே கிடையாது. ஆனால் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். படிக்க வரும்போது, அனிமே எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து தொடராதீர்கள். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்கு வாருங்கள்! ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மங்கா என்பது என்ன?

தெரியாத நண்பர்களுக்காக ரெண்டு வரி. மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். வாரப் பத்திரிகையிலோ மாதப் பத்திரிகையிலோ தொடராக வந்து, பிறகு தனிப் புத்தகங்களாகத் தொகுக்கப்படும். 1968-ல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற பத்திரிகை 1990களின் நடுவில் 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் வருகிற கதைகளுக்கு வாசகர்கள் தபால் அட்டையில் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு விழாத தொடர் சீக்கிரமே மூட்டை கட்ட வேண்டியதுதான்! அனிமே என்பது அசையும் படம். டெஸுகா ஒஸாமு வரைந்த 'ஆஸ்ட்ரோ பாய்' மங்கா 1952-ல் தொடங்கியது. அதுவே 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. மங்காவைப் பார்த்து அனிமே எடுக்கிற பழக்கத்துக்கு அன்றிலிருந்தே வயசு எண்ணலாம்.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புதிதாக எடுக்கிறவன் "என்னடா இது, கடைசிப் பக்கம் முதலில் இருக்கு!" என்று தடுமாறுவான். நாம் அதற்குப் பயப்படலாமா? முதல் வருஷம் என்ஜினியரிங் டிராயிங்கில் நாம் போட்டது ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷன். ஜப்பானில் போடுவது தேர்டு ஆங்கிள். அங்கே டாப் வியூ மேலே இருக்கும், நமக்குக் கீழே இருக்கும். பொருள் ஒன்றுதான், பார்க்கிற முறைதான் வேறு. மூலையில் உள்ள குறியைப் பார்த்துவிட்டால் யாரும் படித்துவிடலாம். மங்காவும் அப்படித்தான். பத்துப் பக்கம் போனால் கண் தானாகவே பழகிவிடும்.

படிப்புக் கட்சியின் நியாயம்

"முதலில் படி" என்கிறவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அனிமே பார்க்கும்போது நேரம் அவர்கள் கையில். இருபத்துச் சொச்சம் நிமிஷம் அவர்கள் ஓட்டுகிற வேகத்தில் நாம் ஓட வேண்டும். மங்கா படிக்கும்போது நேரம் நம் கையில். ஒரு கட்டத்தில் அரை நிமிஷம் நிற்கலாம். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை நம் மூளைதான் நிரப்புகிறது. அந்தக் கதாபாத்திரத்துக்கு என்ன குரல் என்று நாமே முடிவு செய்கிறோம். அனிமேயை முதலில் பார்த்துவிட்டால் அந்தக் குரல் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் எத்தனை தடவை படித்தாலும் அதே குரல்தான்!

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 'ஸ்லாம் டங்க்'. டகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்துக் கதை. மொத்தம் 31 புத்தகங்கள். பந்தைத் தொட்டே பழகாத ஒரு முரட்டுப் பையன், ஒரு பெண்ணைக் கவர்வதற்காகக் கூடைப்பந்து அணியில் சேர்ந்து, கடைசியில் ஆட்டத்தையே காதலிக்கிற கதை. அதன் கடைசிப் போட்டியின் கடைசி விநாடிகளில் இனோவே வசனத்தையே எடுத்துவிட்டார். பக்கம் பக்கமாகப் படம் மட்டும்தான். படிக்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறான். அந்த அமைதி முழுக்க முழுக்க நம் தலைக்குள் நடக்கிறது.

1993-ல் தொடங்கிய தொலைக்காட்சி அனிமே 101 எபிசோடு ஓடி 1996-ல் நின்றபோது, கதை தேசியப் போட்டிக்கே போய்ச் சேரவில்லை! அந்தப் பெரிய ஆட்டத்தைத் திரையில் பார்க்க ரசிகர்கள் 2022 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தை இனோவேயே எழுதி இயக்கினார். ஆக, அனிமே மட்டும் போதும் என்று உட்கார்ந்தவர்கள் 26 வருஷம் காத்திருந்தார்கள். படித்தவர்கள் 1996-லேயே முடித்துவிட்டார்கள். படிப்புக் கட்சிக்கு இது பெரிய வெற்றிதான்.

பார்ப்புக் கட்சியின் நியாயம்

ஆனால் பார்ப்பவர்களைக் கேவலமாகப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' நம் ஊர் தியேட்டர்களுக்குத் தமிழ்க் குரலோடும் வந்தது. விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்த நான் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கதையின் முன்பாதி எதுவும் தெரியாது. வழியில் பஸ்ஸில் தங்கச்சி ஐந்து நிமிஷத்தில் சொன்னதுதான். படத்தில் ஒரு அரக்கனின் பழைய கதை வருகிறது. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்குவதற்காகத் திருடித் திருடி அடி வாங்குகிற ஒரு பையன். அந்தக் காட்சியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "அந்தப் புள்ள அப்பனுக்கு மருந்துக்குத்தானேடா திருடுச்சு? அதை அரக்கன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். 23 புத்தகங்களையும் படித்து முடித்த என் நண்பர்கள் எத்தனையோ பேர் அந்தச் சண்டையில் யார் பலசாலி என்றுதான் பேசினார்கள். அம்மா கேட்ட கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். அம்மா ரசிகை இல்லையா? "மங்கா படிக்காதவன் ரசிகனே இல்லை" என்று நம் விடுதியில் சிலர் சட்டம் போடுகிறார்களே, அந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் உள்ளே ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள்!

இன்னொன்று. நம்மில் பலர் தமிழ் மீடியம். நம் கைக்கு வருகிற மங்கா பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. யார் யார், எந்த ஊர், என்ன சண்டை என்று ஒன்றுமே தெரியாமல் ஆங்கிலத்தில் முதல் பக்கம் திறப்பவன் பத்தாவது பக்கத்தில் மூடிவைத்து விடுவான். முதலில் அனிமேயைப் பார்த்தவனுக்குக் கதை தெரியும். கதை தெரிந்தால் தெரியாத வார்த்தையைக்கூட ஊகித்துவிடலாம். வொர்க்‌ஷாப்பில் லேத் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவனுக்கு தியரி புத்தகத்தில் 'ஹெட் ஸ்டாக்', 'டெயில் ஸ்டாக்' என்று வரும்போது பயம் வருமா? அதே கணக்குதான்.

அனிமே மட்டுமே தரக்கூடிய விஷயங்களும் உண்டு. நவோஷி அராகவாவின் 'யுவர் லை இன் ஏப்ரல்' பியானோவும் வயலினும் சேர்ந்த கதை. 11 புத்தகங்கள். காகிதத்தில் சங்கீதத்தை எவ்வளவு வரைந்தாலும் சத்தம் வராது. 2014-ல் வந்த 22 எபிசோடு அனிமேயில் அந்த வாசிப்பு காதுக்கு வருகிறது. 'டீமன் ஸ்லேயர்' விஷயத்திலும் அப்படித்தான். கோயோஹாரு கொடோகேயின் மங்கா 2016-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 2019-ல் யூஃபோடேபிள் நிறுவனத்தின் அனிமே வந்த பிறகுதான், அதிலும் 19-வது எபிசோடுக்குப் பிறகுதான், அது வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. மங்காவில் சில பக்கங்களில் முடிகிற சண்டை அங்கே நெருப்பும் தண்ணீரும் பாட்டுமாக எழுந்து நின்றது. 2020-ல் வந்த 'முகென் ட்ரெயின்' படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. பார்த்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? கடைக்குப் போய் மங்காவை அள்ளிக்கொண்டு போனார்கள். பார்ப்பது படிப்பைக் கெடுக்கவில்லை. படிக்கிற கடைக்கே கூட்டத்தை அனுப்பி வைத்தது!

தேதியைப் பாருங்கள்!

சரி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "அப்போ எப்படியாவது போங்கப்பா" என்று நான் கையைக் கழுவிவிடப் போவதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் பார்க்க மறக்கிற ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதுதான் தேதி. மங்கா முடிந்த பிறகு அனிமே எடுத்தார்களா, முடிவதற்கு முன்பே எடுத்தார்களா? இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

'அகிரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கட்ஸுஹிரோ ஒட்டோமோ 1982-ல் தொடங்கி 1990-ல் முடித்தார். ஆறு தடிப் புத்தகங்கள், 2,000 பக்கங்களுக்கு மேல். அவரே இயக்கிய படம் 1988-ல் வந்துவிட்டது! கதையே முடியவில்லை, படம் முடிந்துவிட்டது. படத்தில் வருகிற அகிராவும் மங்காவில் வருகிற அகிராவும் ஒன்றே இல்லை. ஹயாவோ மியாசாகியின் 'நவுசிகா'வும் அப்படியே. மங்கா 1982-ல் தொடங்கி 1994-ல் முடிந்தது, ஏழு புத்தகங்கள். படம் 1984-லேயே வந்தது. ஏழில் முதல் இரண்டு புத்தகங்கள் அளவுக் கதைதான் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு "எனக்குக் கதை தெரியும்" என்று ஒருவன் சொன்னால், பவுண்டேஷன் போட்டதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் குடிபோன மாதிரி!

வாரத் தொடர்களில் வேறு தொல்லை. வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான் மங்காவில் வரும். அனிமேயின் ஒரு எபிசோடு ஒன்றிரண்டு அத்தியாயங்களை விழுங்கிவிடும். வேகமாகப் போகிற வண்டி மெதுவாகப் போகிற வண்டியை என்றைக்காவது பிடித்துவிடும் அல்லவா? பிடித்ததும் என்ன செய்வது? சொந்தமாகக் கதை கட்டி ஓட்டுவார்கள். முதல் 'நருடோ' தொடரில் மொத்தம் 220 எபிசோடுகள். அதில் கடைசி எண்பதுக்கும் மேல் பெரும்பாலும் மங்காவில் இல்லாதவை. படித்தவனுக்கு எதைத் தாண்டலாம் என்று தெரியும். பார்ப்பவன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிர் 'தி பிராமிஸ்டு நெவர்லேண்ட்'. 2016 முதல் 2020 வரை 20 புத்தகங்கள். 2019-ல் வந்த முதல் பாக அனிமே பிரமாதம். 2021-ல் வந்த இரண்டாம் பாகம் மீதிக் கதை முழுவதையும் 11 எபிசோடுகளில் அமுக்கித் திணித்தது. 'கோல்டி பாண்ட்' என்ற பெரிய பகுதியையே காணோம்! அதை மட்டும் பார்த்தவர்கள் "கதை சப்புன்னு முடிஞ்சுது" என்கிறார்கள். அது மங்கா எழுதியவர்கள் முடித்த முடிவில்லையே!

ஒரே கதை, இரண்டு அனிமே

இந்த விவகாரம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' பாருங்கள். நம் மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். இரும்புக் கையும் இரும்புக் காலும் பொருத்திய ஒரு அண்ணன், உடம்பையே இழந்து வெறும் இரும்புக் கவசத்தில் உயிரை மட்டும் வைத்திருக்கிற ஒரு தம்பி. அந்தக் கையையும் காலையும் செய்து, நட்டு முறுக்கி, ரிப்பேர் பார்க்கிறவள் வின்ரி என்கிற ஒரு பெண் மெக்கானிக்! எழுதி வரைந்தவர் ஹிரோமு அராகவா. ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி முடித்து ஏழு வருஷம் பண்ணை வேலை பார்த்துவிட்டு, பிறகு டோக்கியோவுக்கு வரையப் போனவர்.

மங்கா 2001-ல் தொடங்கியது. 2003-ல் போன்ஸ் நிறுவனம் முதல் அனிமேயைத் தொடங்கியபோது கதை பாதிகூட வரவில்லை. ஆகவே அந்த 51 எபிசோடுகள் நடுவழியில் பிரிந்து தனி முடிவுக்குப் போயின. 2009-ல் அதே நிறுவனம் 'பிரதர்ஹுட்' என்று மறுபடி எடுத்தது. 64 எபிசோடுகள். 2010 ஜூனில் மங்கா முடிந்தது, ஜூலையில் இந்த அனிமேயும் அதே முடிவோடு முடிந்தது. ஆகா, அப்படியென்றால் 'பிரதர்ஹுட்' பார்த்தால் 27 புத்தகமும் படித்த மாதிரிதானே என்று கேட்பீர்கள். இல்லை நண்பர்களே! முன்பகுதியை ஏற்கனவே 2003-ல் காட்டிவிட்டோமே என்று இந்தத் தடவை வேகமாக ஓட்டிவிட்டார்கள்.

அப்படி ஓட்டியதில் அடிபட்டது யூஸ்வெல் என்கிற நிலக்கரிச் சுரங்க ஊர். யோக்கி என்ற ஒரு அதிகாரி சுரங்கத் தொழிலாளிகளின் கூலியைக் குறைத்து, வரியை ஏற்றி, வயிற்றில் அடிக்கிறான். நாயகன் எட்வர்டு கரிக்கழிவைத் தங்கக் கட்டியாக மாற்றிக் காட்டி, சுரங்கத்தையே அவனிடமிருந்து விலைக்கு வாங்குகிறான். பிறகு ராத்திரி தங்கிச் சாப்பிட்ட கூலிக்கு அதைத் தொழிலாளிகளிடமே விற்றுவிடுகிறான். அதிகாரியின் தங்கமோ மறுபடி கல்லாகிவிடுகிறது! மங்காவில் ஆரம்பத்திலேயே வருகிற அத்தியாயம் இது. 2003 அனிமேயில் முழு எபிசோடாக வந்தது. 'பிரதர்ஹுட்'டில் சில நிமிஷ ஞாபகக் காட்சியாகச் சுருங்கிப்போனது. அந்த யோக்கி கதையின் கடைசி வரை வருகிறான் என்பது வேறு விஷயம். கூலிக்காரர்களின் கஷ்டம் தெரிந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு, அந்தக் கதையிலேயே மறக்க முடியாத அத்தியாயம் அதுதான். அதை வெட்டியவர்களுக்கு அது ஒரு நேரக் கணக்கு. எனக்கு அது எங்கள் தெருக் கதை.

அதனால்தான் சொல்கிறேன். "அனிமே எந்த அத்தியாயத்தில் நிக்குது? அடுத்த அத்தியாயத்திலிருந்து படிச்சுக்கலாம்" என்கிற குறுக்கு வழி வேண்டாம். எதை விட்டுவிட்டார்கள் என்று, விட்டுவிட்டதைப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

வரிசைகூட மாறும். மகோடோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' மங்காவில், நாயகன் வளர்ந்து கடற்கொள்ளையர் கூட்டத்தில் இருக்கிற இடத்தில்தான் கதை தொடங்குகிறது. அவன் ஏன் இப்படி ஆனான் என்பது பிறகுதான் தெரியும். 2019 அனிமே அவன் சின்ன வயசிலிருந்து நேர்வரிசையில் சொல்கிறது. இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மங்காவில் "யார் இவன்? ஏன் இத்தனை கோபம்?" என்ற கேள்வியோடு போகிறோம். அனிமேயில் பதில் தெரிந்தே போகிறோம். ஒரே கதை, இரண்டு அனுபவம்.

இன்னொரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'எவாஞ்சலியன்' போன்றவை அனிமேக்காகவே யோசிக்கப்பட்டவை. தொடர் 1995 அக்டோபரில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிய சடமோட்டோவின் மங்கா 2013 வரை இழுத்தது. அங்கே மூலம் அனிமேதான். "மங்காதான் எப்போதும் மூலம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்பவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் டிப்ளமோ மாணவர்கள். 'இவனுங்க படிக்க மாட்டானுங்க, கைவேலைக்குத்தான் லாயக்கு' என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு நாமே நம்பிவிட்டோம். பாடப் புத்தகம், கொஸ்டின் பேங்க் இரண்டையும் தவிர ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாமாகவே ஆசைப்பட்டு முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

எனக்கு அப்படி முடித்த முதல் புத்தகம் மங்காதான். அதில் எனக்கு வெட்கமில்லை. அனிமே என்னைக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளே நான்தான் நடந்து போனேன். அராகவாவே வேளாண்மைப் பள்ளியில் படித்தவர். அந்த அனுபவத்தை வைத்து 2011 முதல் 2019 வரை 'சில்வர் ஸ்பூன்' என்று 15 புத்தகங்கள் வரைந்தார். நகரத்துப் பையன் ஒருவன் மார்க்கு ஓட்டத்தில் களைத்துப்போய் ஒரு வேளாண் தொழிற்பள்ளியில் வந்து சேர்கிறான். சாணி, பன்றி, அதிகாலை வேலை, கடனில் மூழ்கும் பண்ணைகள்! கிட்டத்தட்ட நம் கதை. அனிமே 22 எபிசோடோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகள் கடைசியில் என்ன ஆனார்கள், யார் தொழில் தொடங்கினார்கள் என்பதெல்லாம் மங்காவில்தான் இருக்கிறது. பார்ப்பதோடு நிறுத்தியவனுக்கு அந்தப் பள்ளி முதல் சில செமஸ்டரோடு முடிந்துவிட்டது!

படிப்பு நமக்குச் சுலபமாகக் கிடைத்ததில்லை. அப்பா அம்மா கைக்கு எட்டாதது நம் கைக்கு எட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு தப்புகள் செய்யலாம். ஒன்று, எட்டியதைத் தொடாமலே விடுவது. இன்னொன்று, தொட்டுவிட்டு, எட்டாதவர்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பது. "அனிமேயே போதும்" என்பவன் முதல் தப்பைச் செய்கிறான். "நீயெல்லாம் ரசிகனா?" என்பவன் இரண்டாவது தப்பைச் செய்கிறான்.

மூன்றாவதாக ஒரு தப்பும் உண்டு. கதையின் முடிவை வராண்டாவில் சத்தம் போட்டு உடைப்பது! படம் பார்த்த அன்று ராத்திரி, மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தங்கச்சி கேட்டாள். அது மூன்று படங்களில் முதல் படம், மங்காவோ 2020-லேயே முடிந்தாச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "நீ சொல்லாதேடா. அடுத்த படம் வரட்டும், நான் பார்த்துக்கறேன்." படிக்கத் தெரியாத அம்மாவுக்குத் தெரிந்த இந்த நாகரிகம், 23 புத்தகம் படித்த நமக்குத் தெரிய வேண்டாமா?

என்ன செய்யலாம்?

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

1. புதிதாக வருகிறவர்கள் அனிமேயில் தொடங்குங்கள். தமிழ்க் குரலில் கிடைத்தால் அதிலேயே தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

2. தொடங்கும் முன் தேதியைப் பாருங்கள். மங்கா முடிவதற்கு முன்பே எடுத்த அனிமே என்றால், அதன் முடிவைக் கதையின் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. பிடித்துப்போனால் முதல் பாகம் முடிந்ததும் மங்காவை எடுங்கள், முதல் பக்கத்திலிருந்து. தெரிந்த கதையாக இருப்பதால் ஆங்கிலம் பயமுறுத்தாது. ஷுவெய்ஷா பதிப்பகமே 2019-ல் தொடங்கிய 'மங்கா பிளஸ்' செயலியில் பல தொடர்களின் முதல் அத்தியாயங்களைக் காசில்லாமல் படிக்கலாம். வரைந்தவன் வயிற்றில் அடிக்கிற திருட்டுப் பிரதி வேண்டாம். யூஸ்வெல் அதிகாரி செய்த வேலையை நாம் செய்யலாமா?

4. நன்றாக ஆங்கிலம் வருகிறவர்கள், வரைபடத்தில் ஆசை உள்ளவர்கள், நேராக மங்காவிலேயே இறங்குங்கள். அந்த முதல் வாசிப்பின் அமைதி உங்களுக்குக் கிடைக்கட்டும்.

கடைசியாக மாணவர் சங்கத்துக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நம் நூலகத்தில் டேட்டா புக், கோட் புக், பழைய போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கு நடுவில் ஒரு அடுக்கு காலியாகத்தான் இருக்கிறது. 'சில்வர் ஸ்பூன்' 15 புத்தகங்கள், 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' 27 புத்தகங்கள். ஒரே வருஷத்தில் வாங்க முடியாது, தெரியும். செமஸ்டருக்கு நாலு வாங்கினால்கூட நமக்குப் பின்னால் வருகிற ஜூனியர்கள் முடித்துவிடுவார்கள். தனியாக ஒருவன் வாங்க முடியாததைச் சங்கம் சேர்ந்து வாங்கலாம். சங்கம் என்பதே அதற்குத்தானே!

பார்த்தவன் படிக்கட்டும்! படித்தவன் பெருமை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கட்டும்! சிந்திப்பீர் நண்பர்களே!